முன்கூட்டித் தெரிந்த முடிவு: மாக்பெத்தும் படுகளமும்

இந்திய மேடைக்குத் துன்பியல் நாடகம் தெரியாது என்றொரு பேச்சு நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கிரேக்கர்கள் அழுதார்கள், ஆங்கிலேயர்கள் அழுதார்கள், நாம் மங்களம் பாடித் திரையை இறக்கினோம் என்பது அதன் சாரம். ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு 'மாக்பெத்' பாடமாக வரும்போது இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இருந்து கல்லூரிக்குப் போகிற அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் பலர், ஊர்த் திடலில் விடிய விடிய உட்கார்ந்து, முடிவு இன்னதென்று முன்பே தெரிந்த ஓர் அரசன் தொடை பிளந்து சாவதைப் பார்த்து அழுதவர்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசனையும் திடலில் விழும் அத்தினாபுரத்து அரசனையும் யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் காட்டுவதில்லை. சேர்த்துப் பார்த்தால் பழைய கேள்வி ஒன்று புதிதாக எழுகிறது. நடக்கப்போவதை முன்கூட்டியே கேட்டுவிட்ட மனிதன் விழும்போது, அவனை வீழ்த்தியது எது? கேட்ட வாக்கா, அவனுக்குள் இருந்த ஆசையா?

ஷேக்ஸ்பியர் 'மாக்பெத்'தை எழுதியது 1606-ஐ ஒட்டிய காலத்தில். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசராகியிருந்தார். சூனியக்காரிகளைப் பற்றி நூலே எழுதி வெளியிட்டவர் அவர். ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தார். ஆனால் உள்ளபடி எடுக்கவில்லை. வரலாற்றில் வாழ்ந்த மாக்பெத் 1040 முதல் 1057 வரை ஆண்டவன். அரசன் டங்கன் அவனோடு நடந்த போரில் மாண்டான். நாடகத்திலோ டங்கன் முதியவர், மாக்பெத்தின் வீட்டுக்கு வந்த விருந்தாளி, தூங்கிக்கொண்டிருப்பவர். போர்க்களத்துச் சாவை ஷேக்ஸ்பியர் விருந்தாளிக் கொலையாக மாற்றினார். விருந்தோம்பலை அறத்தில் சேர்த்து வைத்த தமிழ் வாசகருக்கு அந்த மாற்றத்தின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்து திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் மாக்பெத்தை மூன்று பட்டங்களால் அழைக்கிறார்கள். முதலாவது அவனிடம் ஏற்கெனவே இருப்பது. இரண்டாவது அடுத்த சில நிமிடங்களில் அரசனின் ஆளே கொண்டுவந்து கொடுப்பது. மூன்றாவது அரச பதவி. இந்த மூன்றிலும் 'கொல்' என்ற சொல் எங்கேயும் கிடையாது. எப்போது, எப்படி என்ற விவரமும் கிடையாது. இரண்டாவது பட்டம் அவன் கை வைக்காமலேயே வந்தது. மூன்றாவதும் அப்படியே வரட்டும் என்று அவன் காத்திருக்கலாம். சிறிது நேரம் அப்படி நினைக்கவும் செய்கிறான். ஆனால் சூனியக்காரிகளின் வாயிலிருந்து அந்தச் சொல் வெளிவந்த கணத்திலேயே அவன் திடுக்கிடுகிறான். கூட நின்ற பாங்க்வோ அதைக் கவனித்துவிடுகிறான். நல்ல செய்தியைக் கேட்டவன் எதற்குத் திடுக்கிட வேண்டும்? ஏற்கெனவே மனத்தில் கிடந்ததை வேறொருவர் வாயால் கேட்டதற்குத்தான்.

பாங்க்வோ அங்கே நிற்பதுதான் இந்த நாடகத்தின் மிக நுட்பமான ஏற்பாடு என்பேன். அவனுக்கும் வாக்கு சொல்லப்படுகிறது: அவன் அரசனாக மாட்டான், அவன் வழியில் அரசர்கள் வருவார்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வாய்கள், கேட்டவர்கள் இருவர். பாங்க்வோவுக்கும் ஆசை இருக்கிறது. இரவில் தூக்கம் கெடுகிறது. கெட்ட எண்ணங்கள் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறான். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. வாக்குதான் மனிதனை ஆட்டுவிக்கிறது என்றால் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு பாத்திரத்தைக் கொண்டே ஷேக்ஸ்பியர் விதியின் தலையில் பழியைப் போடும் வழியை அடைத்துவிட்டார்.

மாக்பெத் இரண்டாவது முறை சூனியக்காரிகளைத் தேடிப் போவது வேறு கதை. முதல் முறை அவர்கள் வழியில் வந்து நின்றார்கள். இந்த முறை இவனே போகிறான். மாக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு, பெண் வயிற்றில் பிறந்த எவனும் உன்னைச் சாய்க்க முடியாது, பர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு நடந்து வரும் வரையில் உனக்குத் தோல்வியில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறான். காடு நடக்காது, பெண் வயிற்றில் பிறக்காதவன் கிடையாது, ஆகவே எனக்குச் சாவில்லை என்று முடிவு கட்டுகிறான். படைவீரர்கள் மரக்கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு முன்னேறியபோது காடு நடந்து வந்தது. அவனைச் சாய்த்த மாக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு இரணியன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மனிதனாலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, வீட்டுக்குள்ளும் வெளியிலும் இல்லை, மண்ணிலும் விண்ணிலும் இல்லை. எல்லாக் கதவையும் அடைத்து வாங்கிய வரம். மாலை நேரத்தில், வாசற்படியில், மடியில் கிடத்தி, ஆளும் சிங்கமுமான ஒன்று அவனைக் கிழித்தது. இரண்டு கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. மாக்பெத்துக்கு வாக்கு ஓசியில் கிடைத்தது. இரணியன் தவம் கிடந்து, தன் வாயால் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கினான். தான் எதற்கெல்லாம் அஞ்சுகிறான் என்ற பட்டியலை அவனே தயாரித்துக் கொடுத்திருக்கிறான். அவனுடைய அழிவு அந்தப் பட்டியலில் விட்டுப்போன இடங்களின் வழியாக நுழைந்தது. கம்பர் இந்தக் கதையை யுத்த காண்டத்தில் வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்லவைத்தார். வால்மீகியில் இந்தப் பகுதி கிடையாது. வரத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு, வரத்தை நம்பிச் செத்த ஒருவன் கதையைத் தம்பி சொல்கிறான். அண்ணன் கேட்டுவிட்டுத் தம்பியையே விரட்டுகிறான். கேட்ட வாக்கை என்ன செய்வது என்ற கேள்வியைக் கம்பரைவிடக் கூர்மையாக மேடைப்படுத்தியவர் அரிது.

வாக்கைக் கேட்டதும் எதிர்த்திசையில் நடந்த ஒருவரும் நம் மரபில் இருக்கிறார். சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன், ஆட்சிக்கு வரும் பொறி மூத்தவன் செங்குட்டுவனுக்கு இல்லை, இளையவனுக்கே உண்டு என்றான். மாக்பெத் கேட்டதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அண்ணன் முகம் வாடியதைப் பார்த்த இளையவர், அந்த வாக்குப் பலிக்க வழியே இல்லாதபடி துறவு பூண்டு குணவாயில் கோட்டத்துக்குப் போனார். அவர்தான் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோ என்பது மரபு. வரலாறாக இதை எவ்வளவு ஏற்பது என்பது அறிஞர்களின் வாதம். மேடையை நோக்கிப் பேசும்போது எனக்கு வேண்டியது அந்தச் செயலின் வடிவம். அரியணை உனக்கு என்ற வாக்கைக் கேட்டும் வாளைத் தொடாதவரை வைத்துத்தான் தொட்டவனை அளக்க முடியும்.

மாக்பெத் தமிழுக்கு வந்த வழி சென்னையின் இந்த மேற்குப் புறநகரை ஒட்டியே போகிறது. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போய், அங்கிருந்து பல்லாவரம் சாலையைப் பிடித்தால் பம்மல் வரும். அந்த ஊரைத் தன் பெயரின் முன்னால் வைத்துக்கொண்ட சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்தவர். வழக்கறிஞர், பிற்பாடு நீதிபதி. 1891-இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்த குடும்பத்துப் பிள்ளைகள் முகத்தில் அரிதாரம் பூசுவதை ஊர் கேவலமாக நினைத்த காலம் அது. அவர் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மாக்பெத்தை 'மகபதி' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். மூலப் பெயரின் ஓசை கெடாமல் தமிழ்ப் பெயர் வைப்பதில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. அமலாதித்யனாக அவரே மேடையேறினார்.

அவர் சபை தொடங்கத் தூண்டுகோலாக இருந்தவர் பெல்லாரியிலிருந்து தெலுங்கு நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார். அவரது 'சாரங்கதரா'வைத் தெலுங்கின் முதல் துன்பியல் நாடகங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். தமிழிலும் அதே தலைமுறையில் பரிதிமாற் கலைஞர் 'நாடகவியல்' என்று இலக்கணம் எழுதி, தண்ணீருக்குக் கையேந்தாமல் மானத்தோடு மடிந்த சேரமான் கணைக்கால் இரும்பொறையை 'மானவிசய'த்தின் நாயகனாக்கினார். 1891-இலேயே 'மனோன்மணீய'மும் அச்சேறியது. படித்தவர்களின் தமிழ் மேடை ஐரோப்பிய முன்மாதிரிகளைப் பார்த்துத் துன்பியலைக் கற்றுக்கொள்ள முயன்ற பருவம் இது. அந்த முயற்சிக்கு நாம் கடன்பட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் தேடியது, அவர்கள் திரும்பிப் பார்க்காத தெருவில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

துன்பியல் நமக்கில்லை என்ற பேச்சுக்கு ஆதாரம் சமஸ்கிருத நாடக இலக்கணம். நாயகனின் சாவை மேடையில் காட்டக் கூடாது, மங்களமாக முடிக்க வேண்டும் என்பது அங்கே பெருவழக்கு. அந்த வழக்கையும் மீறிய நாடகம் ஒன்று இருந்தது என்பது 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி ஓலைச்சுவடிகளிலிருந்து பதிப்பித்த, பாசர் என்ற வடமொழிக் கவியின் நாடகங்களில் ஒன்றான 'ஊருபங்கம்' தொடை ஒடிந்து கிடக்கும் துரியோதனனின் கடைசி நேரத்தைக் காட்டுகிறது. குருடான தந்தையும் தாயும் மனைவியரும் சிறு மகனும் அவனைத் தேடிவருகிறார்கள். வழக்கம்போலத் தந்தையின் மடியில் ஏற வந்த பிள்ளையை ஏற்றிக்கொள்ளத் தொடை இல்லை. துரியோதனன் பார்வையாளர்களின் கண்ணெதிரே சாகிறான். இந்த நாடகத்தை மணிப்பூரில் ரத்தன் தியாமும் கேரளத்தில் காவாலம் நாராயணப் பணிக்கரும் பின்னாளில் மேடையேற்றினார்கள். தமிழ்நாட்டின் வட பகுதியில் இதே துரியோதனன் இதே தொடையோடு ஆண்டுதோறும் மண்ணில் கிடந்துகொண்டிருந்தான்.

திரௌபதி அம்மன் கோயில், தர்மராஜா கோயில் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், தொண்டை மண்டலத்து ஊர்களில் தீமிதியோடு பாரதம் நடக்கும். செஞ்சிப் பகுதியை இந்த வழிபாட்டின் தாய்நிலமாகக் காட்டி ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியிட்ட நூல் இதைப் பற்றிய ஆய்வுகளில் பெரியது. காப்புக் கட்டி, பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் கூத்து நடக்கும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் பின்னால் இருக்க, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் திரை விருத்தம் பாடுவார். கட்டியங்காரன் யார் வருகிறார் என்று கேட்டுத் தெரிந்து சபைக்குச் சொல்வான். திரை விலகும். தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமுமாக, கால் சலங்கை அதிர, ராஜா கிறுகிறுவென்று சுற்றி வருவார். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்னன் சண்டை, கர்ணமோட்சம் என்று இரவுக்கு ஒரு கூத்தாகப் போய்ப் பதினெட்டாம் போரில் வந்து நிற்கும்.

இந்தக் கதையில் துரியோதனனுக்குச் சொல்லப்பட்ட வாக்குகளைச் சேர்த்துப் பாருங்கள். பிறந்தபோதே நரிகள் ஊளையிட்டன. இந்தப் பிள்ளையைக் கைவிட்டால் குலம் பிழைக்கும் என்று விதுரர் சொன்னார், தகப்பன் கேட்கவில்லை. சூதாடிய சபையில் தொடையைத் தட்டிக் காட்டியபோது அந்தத் தொடையைப் பிளப்பேன் என்று பீமன் சபதம் செய்தான். அந்த ரத்தத்தைப் பூசித்தான் கூந்தலை முடிப்பேன் என்று திரௌபதி சொன்னாள். பாண்டவர்கள் காட்டில் இருக்கையில் மைத்ரேய முனிவர் வந்து சமாதானம் பேசியபோது, பதில் சொல்லாமல் மறுபடியும் தொடையைத் தட்டினான். பீமன் கதையால் அந்தத் தொடை ஒடியும் என்று முனிவர் சபித்தார். மாக்பெத்துக்குச் சொன்னவை எல்லாம் புதிர்கள். இவனுக்குச் சொன்னவற்றில் புதிரே இல்லை. எந்த உறுப்பு, யார் கை, என்ன ஆயுதம் என்பது வரைக்கும் தெரியும். ஐந்து ஊர் கொடுத்தால் போதும் என்று கண்ணன் தூது வந்தபோதும் ஊசி குத்தும் இடம்கூடக் கிடையாது என்றவன் அந்த அறிவோடுதான் அப்படிச் சொன்னான்.

களப்பலியில் நடப்பது இன்னும் ஆழமானது. போருக்கு முன் பலி கொடுக்க நல்ல நாள் பார்க்க வேண்டும். நாள் கணிப்பதில் சகாதேவனுக்கு நிகரில்லை. சகாதேவன் எதிரியின் தம்பி. துரியோதனன் நேரே அவனிடமே போய்க் கேட்கிறான். சகாதேவனும் பொய் சொல்லாமல், இன்ன அமாவாசையில் அரவானைப் பலியிடுகிறவர்களுக்கு வெற்றி என்று சொல்லிவிடுகிறான். உலக நாடகங்களில் முன்னறிவிப்புகள் தந்திரமான வாயிலிருந்து வருவதுண்டு, தெய்வத்தின் வாயிலிருந்து வருவதுண்டு. எதிரியின் நேர்மையிலிருந்து வருவதும், அந்த நேர்மையை நம்பி ஒருவன் பகைவன் வாசலுக்குப் போவதும் நம் மேடையின் தனிச்சொத்து. துரியோதனன் மீது நமக்கு முதல் முறையாக மதிப்பு வருவது அங்கேதான். அதன் பிறகு கண்ணன் ஒரு நாள் முன்னதாகவே அமாவாசைத் தர்ப்பணம் செய்ய உட்கார, சூரியனும் சந்திரனும் குழம்பிப்போய்ச் சேர்ந்து வந்து நிற்க, அமாவாசையே முன்னால் வந்துவிடுகிறது. பலி பாண்டவர் பக்கம் போகிறது. வாக்கு உண்மை, சொன்னவன் உண்மை, கேட்டவனும் அன்றைக்கு உண்மை. ஆனாலும் பலன் கைமாறிப்போனது. திடலில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கும் அந்த நேரத்தில் துரியோதனன் மேல் ஒரு பரிதாபம் கசியும். அந்த இரட்டை மனத்தைத் தூண்டத் தெரிந்த மேடைக்குத் துன்பியல் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

கர்ணனையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. மாக்பெத்துக்கு நேர் எதிர் அவன். நீ குந்தியின் மூத்த மகன், பாண்டவர் ஐவரும் உன் காலடியில் நிற்பார்கள், நாடு உனக்கே என்று கண்ணனே வந்து அரச பதவியை நீட்டுகிறான். போரில் எந்தப் பக்கம் தோற்கும் என்று கர்ணனுக்குத் தெரியும். தெரிந்தே, சோறு போட்டவனை விட்டு வர மாட்டேன் என்கிறான். கர்ணமோட்சத்தில் போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் கட்டம்தான் பல ஊர்களில் சனம் மிக அமைதியாக உட்கார்ந்து கேட்கும் கட்டம். அவனை வீழ்த்தியது பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே முன்னறிவிப்பு, பேராசை, வீழ்ச்சி என்ற மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற விமர்சனப் பழக்கத்துக்கு நம் கூத்து இடம் கொடுப்பதில்லை. நன்றியாலும் மனிதன் விழுவான் என்பதை அது வைத்திருக்கிறது.

பதினெட்டாம் போர் இரவில் எல்லாரையும் இழந்த துரியோதனன் தனியாக மேடைக்கு வருவான். மாண்டவர்களை எழுப்பும் மந்திரம் செபிக்க மடுவுக்குள் இறங்குகிறான் என்பது தமிழ் மரபு. கரையில் பாண்டவர்கள் நின்று கோழை என்று ஏசுகிறார்கள். பேசாமல் இருந்தால் மந்திரம் பலித்திருக்கும். ஏச்சுப் பொறுக்காமல் வெளியே வருகிறான். எங்களில் எவனோடு வேண்டுமானாலும் போர் செய், ஜெயித்தால் நாடு உனக்கே என்று தருமன் சொல்வதாக வியாச பாரதத்தில் வருகிறது. அந்தப் பேச்சுக்காகக் கண்ணன் தருமனைக் கடிந்துகொள்கிறான். துரியோதனன் நகுலனையோ சகாதேவனையோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எவன் வந்தாலும் வரட்டும் என்று கதையோடு நின்றான், பீமன் வந்தான். காந்தாரி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்ததால் அவன் உடம்பு முழுதும் வஜ்ரமானது, வெட்கப்பட்டு மறைத்த தொடை மட்டும் அப்படி ஆகவில்லை என்று கதை சொல்கிறவர்கள் சொல்வார்கள். இரணியன் வரத்தில் ஓட்டை விழுந்தது மறதியால். இவனுக்கு அது விழுந்தது தாயின் முன் கொண்ட வெட்கத்தால். கெட்டவன் என்று ஊர் சொல்கிறவனின் உயிர், அவனிடம் மிச்சமிருந்த ஒரு நல்ல குணத்தின் வழியாகப் போகிறது. இந்த ஒரு கதைத் துணுக்குக்காக எத்தனை மேடைகளையும் கொடுக்கலாம்.

விடிந்ததும் கூத்து மேடையிலிருந்து மண்ணுக்கு இறங்கும்; அதுதான் படுகளம். கோயில் திடலில் துரியோதனன் மண்ணால் செய்யப்பட்டு மல்லாந்து கிடப்பான். சில ஊர்களில் ஐம்பது அடிக்கும் மேல் நீளம். வண்ணம் பூசி, மீசை எழுதி, கண் திறந்து, கிரீடம் வைத்து, தொடையில் சிவப்பு நீர் நிரப்பிய கலயத்தைப் புதைத்திருப்பார்கள். இரவு முழுக்க ஆடிய வேடக்காரர்கள் அரிதாரம் கலைந்த முகத்தோடு அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடிக்கச் சிவப்பு பீறிடும். அதைக் கொண்டு திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பார்கள். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஒப்பாரி எழும். கூந்தல் முடிந்ததற்குக் குலவையிடும் அதே பெண்கள், புருஷனைப் பறிகொடுத்தவளாக வேடம் கட்டியவரின் ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிலர் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள். மாக்பெத்தின் கதை அவன் தலையை வெட்டி எடுத்து வருவதோடும், புதிய அரசன் பட்டாபிஷேகத்துக்கு எல்லாரையும் அழைப்பதோடும் முடிகிறது. அவனுக்காக அழ அங்கே ஒருவர்கூட இல்லை. மனைவி முன்பே இறந்துவிட்டாள். வீழ்ந்தவனுக்கு ஒப்பாரி வைக்கிற விஷயத்தில் நம் படுகளம் பெரியது என்பதைத் தயங்காமல் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் வீழ்ந்தவர்களின் பக்கம் நின்று கதையைத் திருப்பியவர்களும் வந்தார்கள். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் என்று அச்சமூட்டும் வேடங்களில் பேர்பெற்ற சங்கரதாஸ் சுவாமிகளின் தலைமுறைக்கு அடுத்து, பாரதிதாசன் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' எழுதினார். 1930-களில் சுயமரியாதை இயக்க மேடையில் அது அரங்கேறியது. அதில் இரணியன் வரம் கேட்ட அசுரனாக வருவதில்லை. சூழ்ச்சியால் சாய்க்கப்பட்ட தமிழ் மன்னனாக வருகிறான். ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வர'னில் சீதையை இராவணனின் மகளாக்கி, அவனது வீழ்ச்சிக்கு ஒரு தகப்பனின் துயரத்தைக் கொடுத்தார். இந்த இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆயினும் நாடகமாக எடை போட்டால், சூழ்ச்சியால் மட்டும் விழுகிறவன் நமக்குக் கோபத்தைத் தருகிறான்; தன் கையாலும் விழுகிறவன்தான் நம்மை உலுக்குகிறான். பாரதிதாசனின் இரணியன் தவறே செய்யாதவனாகிவிட்டதால் அவனோடு சேர்ந்து நாம் தவறுவதற்கு வழியில்லாமல் போகிறது.

மாக்பெத்தை நம் ஆட்ட மரபுகளில் பொருத்திப் பார்த்தவர்களும் உண்டு. பி.வி. காரந்த் 1979-இல் தேசிய நாடகப் பள்ளி ரெபர்ட்டரிக்காக ரகுவீர் சகாயின் இந்தி மொழிபெயர்ப்பை யட்சகானச் சாயலில் 'பர்னம் வன'மாக இயக்கினார். ஜப்பானில் அகிரா குரோசாவா 1957-இலேயே நோ நாடக முறையைப் படத்துக்குள் கொண்டுவந்து மாக்பெத்தைச் சாமுராய் ஆக்கியிருந்தார். மும்பை நிழலுலகத்துக்கு அதைக் கொண்டுபோன விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' 2003-இல் வந்தது. அதில் சூனியக்காரிகளின் இடத்தில் சோதிடம் பார்க்கும் இரண்டு போலீஸ்காரர்கள். கேரளத்து ரப்பர்த் தோட்ட வீட்டுக்குக் கொண்டுபோன 'ஜோஜி' (2021) வாக்கையே எடுத்துவிட்டது. யாரும் எதையும் சொல்லாமலேயே ஒரு பிள்ளை அப்பனைக் கொல்ல முடியும் என்று அந்தப் படம் காட்டியது. எனக்கு முன்பே இருந்த எண்ணத்துக்கு அது பெரிய சாட்சி. தமிழில் புரிசை கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தார் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கேஸின் கதையையும் கூத்தாக ஆடிக் காட்டியிருக்கிறார்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை அந்தக் கலைஞர்களிடம் பாடம் கேட்டது. வெளிநாட்டுக் கதையைத் தாங்கும் எலும்பு தெருக்கூத்துக்கு உண்டு என்பது நிறுவப்பட்டுவிட்டது.

நிறுவப்படாமல் இருப்பது, அந்தக் கூத்துக்கு இந்தப் பக்கத்தில் இடம் மிஞ்சுமா என்பது. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடித் தொழிற்சாலைகள், பூந்தமல்லி நெடுஞ்சாலை, இப்போது வெளிவட்டச் சாலை என்று ஒவ்வொன்றாக வந்ததில் ஏரிக்கரையும் களமும் வயலும் மனைகளாயின. மேடை போட பத்தடிக்குப் பத்தடி கிடைத்துவிடும். படுகளத்துக்கு ஒரு மனிதனை ஐம்பது அடிக்குக் கிடத்த மண் வேண்டும், சுற்றி ஓட இடம் வேண்டும், தீமிதிக்குக் குழி வேண்டும். பத்து இரவுக் கூத்து இரண்டு மூன்று இரவாகச் சுருங்குவது எளிதாக நடக்கிறது. அப்படிச் சுருக்கும்போது முதலில் போவது களப்பலியும் தூதும் மாதிரியான, துரியோதனனைக் குற்றவாளியாக மட்டும் பார்க்க விடாத இரவுகள். அவை போய்விட்டால் மிஞ்சுவது ஒரு கெட்டவன் அடிபட்டுச் சாகும் காட்சி. அதற்குப் பெயர் துன்பியல் ஆகாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கோயில் விழாக் குழுக்களில் இருப்பவர்கள் இரவுகளைக் குறைக்க நேர்ந்தால் பாட்டுக் கச்சேரியையோ வாணவேடிக்கையையோ குறையுங்கள். களப்பலியையும் கர்ணமோட்சத்தையும் குறைக்காதீர்கள். கோயில் திடலை ஒட்டிய பொதுமண்ணைக் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். இந்தப் பகுதிக் கல்லூரிகளில் மாக்பெத் நடத்துகிற ஆசிரியர்கள், அடுத்த விழாக் காலத்தில் மாணவர்களை ஒரு ராத்திரி பதினெட்டாம் போருக்கு அழைத்துப் போங்கள். விடியும் வரை உட்கார வையுங்கள். படுகளம் முடிந்து திரும்பிய பிறகு ஐந்தாம் அங்கத்தை நடத்துங்கள்.